பெரியம்மாவின்ர உயிலும் ஒன்லைன் புரொபேட்டும்: ஒரு எக்ஸிகியூட்டரின்ர முழு விவரம்

இங்கிலாந்திலயோ வேல்ஸிலயோ ஒராள் உயில் எழுதி வைச்சிட்டு மோசம் போனால், அந்த உயிலில எக்ஸிகியூட்டர் எண்டு பேர் போட்ட ஆள்தான் எல்லாத்தையும் பொறுப்பெடுத்து முடிக்கவேணும். அதுக்கு நீதிமன்றம் தாற அதிகாரப் பத்திரம்தான் புரொபேட். அது கையில இல்லாமல் செத்தவரின்ர பேரில மட்டும் இருக்கிற வீட்டை விக்க ஏலாது, பெரிய தொகை கிடக்கிற பேங்க் கணக்கை மூடவும் ஏலாது. இதை இப்ப சொலிசிட்டர் இல்லாமல் நாங்களே ஒன்லைனில செய்யலாம். ஸ்கொட்லாந்திலயும் வட அயர்லாந்திலயும் முறை வேற, அதைப் பற்றி நான் இங்க கதைக்கேல்ல.

என்ர பெரியம்மா, அம்மாவின்ர மூத்த தமக்கை, 2024 மார்ச்சில லண்டன் ஹரோவில மோசம் போயிட்டா. பெரியப்பா 2012இலயே போயிட்டார். மகன் ரொறன்ரோவில, மகள் யாழ்ப்பாணத்தில. பெரியம்மா 2013இல ஒரு சொலிசிட்டரிட்டப் போய் உயில் எழுதினவ, அதில மூண்டு எக்ஸிகியூட்டர்: மகன், பெறாமகன் எண்டு நான், பிறகு குடும்பத்தோட நெருங்கிப் பழகின ஒரு நண்பர். உயிலில இருந்தது இவ்வளவுதான்: யாழ்ப்பாணத்துக் கொக்குவில் காணி மகளுக்கு, இங்க பதிவு செய்த ஒரு கோயிலுக்கு 5,000 பவுண்ஸ், மிச்சம் எல்லாம் ரெண்டு பிள்ளையளுக்கும் சமமா. அண்ணாவையும் அக்காவையும் கேட்டுத்தான் இதை எழுதுறன், தொகைகளை வட்டமாக்கியிருக்கிறன், ஆற்ற பேரும் போடேல்ல.

முதலே ஒரு விஷயம் சொல்லிடுறன். அரசாங்க சைட்டில நிரப்பிற வேலை ஒரு பின்னேரம்தான் எடுக்கும், கேள்வியளும் நல்ல எளிய இங்கிலீஷில இருக்கு. உண்மையான வேலை அதுக்கு முதல் இருக்கு: செத்தவரின்ர பேர் எங்கெங்க எப்பிடிக் கிடக்கு, சொத்தின்ர பெறுமதி எவ்வளவு, இந்த ரெண்டையும் ஃபோமைத் திறக்க முதலே முடிச்சு வைக்கிறது. எனக்குத் தெரிஞ்ச குடும்பங்களில விண்ணப்பம் மாதக்கணக்கா நிண்டது எண்டால் ஒண்டில் பேரில, இல்லாட்டிப் பெறுமதியில, அதுவும் இல்லாட்டித் தபாலில போன உயில் கடுதாசியில.

முதல் கிழமையள்

மரணத்தைப் பதியிறதுக்கு 5 நாள். பதியேக்கயே மரணச் சான்றிதழ் கொப்பி கூட எடுங்கோ, பேங்க், இன்சூரன்ஸ், பென்ஷன் எண்டு எல்லாரும் ஒரே நேரத்தில ஒறிஜினல் கேப்பினம். பதிவாளர் தாற இலக்கத்தை வைச்சு 'டெல் அஸ் வன்ஸ்' சேவையில ஒருக்கா சொன்னால் பாஸ்போட், பென்ஷன், டிரைவிங் லைசன்ஸ், கவுன்சில் எல்லாத்துக்கும் போயிடும். பேங்குக்குப் போகாது, அது தனி.

செத்தவீட்டுச் செலவு பற்றி ஒரு விஷயம், எங்கட சனத்தில கனபேருக்கு இது தெரியாது. புரொபேட் வர முதலே, செத்தவரின்ர கணக்கில காசு இருந்தால், அந்தச் செலவு பில்லை பேங்கிட்டக் குடுத்தால் அவை நேரா ஃபியூனரல் டிரெக்டருக்குக் கட்டுவினம். பிள்ளையள் கிரெடிட் காட்டில போட்டு, அந்தியேட்டி முடிய முதலே காசுக் கணக்குக் கதைச்சு மனஸ்தாபப்படுறதைக் கண்டிருக்கிறன், அதுக்குத் தேவையே இல்லை.

வீடு வெறுமையாக் கிடந்தால் இன்சூரன்ஸ் கொம்பனிக்கு உடன சொல்லவேணும், 30 நாள் இல்லாட்டி 60 நாளுக்கு மேல ஆள் இல்லாத வீடு எண்டால் கனக்க பொலிசியள் முழுக் காப்புத் தராது. கவுன்சில் டாக்ஸ் பக்கம் ஆறுதல், உரிமையாளர் செத்து வெறுமையா இருக்கிற வீட்டுக்கு புரொபேட் கிடைக்கும் வரைக்கும், பிறகும் 6 மாதம் வரைக்கும் விலக்கு இருக்கு, கேட்டு எடுக்கவேணும்.

உயில்

பெரியம்மாவின்ர உயில் அவவின்ர அலுமாரியில வீட்டுக் கடுதாசியளோட ஒரு இரும்புக் கிளிப் போட்டு இருந்தது. பத்து வருசத்துக்கு மேலானபடியால் கிளிப் துரு முதல் பக்கத்தில வடிவாப் பதிஞ்சு போச்சு. இதில என்ன எண்டு நினைப்பீங்கள். உயிலில துரு அடையாளம், கிளிப் அடையாளம், ஸ்டேப்பிள் ஓட்டை, கிழிசல் இப்பிடி என்ன இருந்தாலும் புரொபேட் அலுவலகம் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: இதோட இன்னொரு தாள், உயிலை மாத்திற மாதிரி ஏதும் இணைச்சிருந்து, பிறகு ஆரும் கழட்டினவையோ? ஆனபடியால் ஒன்லைன் ஃபோமிலயே உயிலில பாக்கக்கூடியதா ஏதும் சேதம் அல்லது அடையாளம் இருக்கோ, இருந்தால் எப்பிடி வந்தது, ஆரால, எப்ப எண்டு கேக்கினம். நாங்கள் அதில துருவைப் பற்றி உள்ளபடி எழுதினம், வேற தாள் ஒண்டும் இணைச்சிருக்கேல்ல எண்டதையும் சேர்த்து. இதை எழுதாமல் விட்டால் அவை விண்ணப்பத்தை நிப்பாட்டி, உயில் எந்த நிலையில கண்டெடுத்தது எண்டு சாட்சி அறிக்கை கேக்கலாம்.

உயிலைக் கண்டெடுத்த உடன நான் அண்ணாவுக்கு வீடியோ கோலில ஒவ்வொரு பக்கமாக் காட்டினன். ஃபோட்டோவும் எடுத்து வைச்சன், ஆனால் ஃபோட்டோக்கொப்பி மிசினில வைக்கிறதுக்காக ஸ்டேப்பிளைக் கழட்டேல்ல. தயவுசெய்து ஒருத்தரும் கழட்டாதேங்கோ, பக்கத்தை மடிச்சுப் பிடிச்சே கொப்பி எடுக்கலாம்.

உயிலின்ர சட்டமும் ஒருக்கா பாக்கவேணும், 1837ஆம் ஆண்டு உயில் சட்டம் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. ரெண்டு சாட்சி ஒரே நேரத்தில முன்னால இருக்கவேணும். சாட்சிக் கையெழுத்து வைச்சவரோ அவரின்ர புருசன் பெண்சாதியோ உயிலில ஏதும் பெறுறவரா இருந்தால் உயில் செல்லும், ஆனால் அவைக்கு எழுதினது செல்லாது. பெரியம்மா சொலிசிட்டரிட்ட எழுதினபடியால் இதெல்லாம் சரியா இருந்தது. கடையில வாங்கின உயில் ஃபோமில மருமகளைச் சாட்சியாப் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், மகனுக்கு எழுதின பங்கு அதாலயே போச்சு.

ஒறிஜினல் இல்லாமல் கொப்பி மட்டும் இருந்தால் வழமையான விண்ணப்பம் போதாது, வேற ஆதாரம் எல்லாம் கேப்பினம். உயில் தமிழில எழுதியிருந்தால் அத்தாட்சிப்படுத்தின மொழிபெயர்ப்பு வேணும். ஊரில எழுதின உயில் எண்டால் ஒருக்கா சொலிசிட்டரிட்டக் கேக்கிறது நல்லது.

ஆர் விண்ணப்பிக்கிறது

மூண்டு எக்ஸிகியூட்டரில நண்பர் 2019இல காலமாகிட்டார். உயிலில எக்ஸிகியூட்டர் எண்டு பேர் இருக்கிற எல்லாரையும் பற்றி ஃபோமில சொல்லவேணும், ஆனபடியால் அவர் பெரியம்மாவுக்கு முதலே இறந்தவர் எண்டு ஃபோமில குறிச்சம். மிஞ்சினது அண்ணாவும் நானும். நாலு பேர் வரை சேர்ந்து விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டில இருக்கிறவையும் சேரலாம், அவைக்கு இமெயிலில லிங்க் போகும், அதில சட்ட அறிக்கையை வாசிச்சு ஒத்துக்கொண்டால் சரி.

அண்ணா சொன்னவர், "தம்பி, நான் இங்க இருந்துகொண்டு ஒவ்வொரு பேங்க் ஃபோமுக்கும் கையெழுத்து அனுப்ப ஏலாது, நீயே செய், நான் விலகுறன்" எண்டு. விலகிறது எண்டால் ரினன்சியேஷன், கையெழுத்து வைச்சு உரிமையை விட்டுக்குடுக்கிறது, அதுக்குப் பிறகு திரும்பி உள்ள வாறது லேசில்லை. நான் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்ல. அதுக்குப் பதிலா 'பவர் ரிசேர்வ்ட்' எண்டு ஒரு வழி இருக்கு: இப்ப நான் மட்டும் விண்ணப்பிப்பன், அண்ணாவின்ர உரிமை அப்பிடியே இருக்கும், எனக்கு ஒண்டு நடந்தாலோ நான் சரியாச் செய்யேல்ல எண்டு அவர் நினைச்சாலோ அவர் பிறகு வந்து சேரலாம். ஒரு நிபந்தனை, நான் விண்ணப்பிக்கிறன் எண்டு அவருக்கு எழுத்தில அறிவிச்சிருக்கவேணும், ஃபோமிலயும் கேக்கினம். இமெயில் ஒண்டு போட்டு அவரின்ர பதிலையும் பிரிண்ட் எடுத்து வைச்சன். பெற்ற பிள்ளை இருக்கேக்க பெறாமகன் தனியச் செய்யிறான் எண்டு நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது. பிள்ளையள் கடல் கடந்து இருக்கிற குடும்பங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

பேர்

இதுதான் எங்கட ஆக்களுக்கு உள்ள பெரிய பிரச்சினை. எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை, கலியாணத்துக்கு முதல் தகப்பன்ர பேர், பிறகு புருசன்ர பேர், சில இடத்தில எழுத்து மட்டும். அதோட 'ஈஸ்வரி' எண்டு முடியிற ஒரு பேரை இங்கிலீஷில எழுதேக்க 'டபிள்யூ' போடுறதோ 'வி' போடுறதோ, கடைசியில 'வை'யோ 'ஐ'யோ எண்டு ஒவ்வொரு கந்தோரில ஒவ்வொரு மாதிரி. பெரியம்மாவின்ர மரணச் சான்றிதழும் பாஸ்போட்டும் ஒரு மாதிரி. 1980களில திறந்த பேங்க் கணக்கில புருசன்ர பேர் முதலில வந்து அவவின்ர பேர் குடும்பப் பேர் மாதிரி பின்னுக்கு. வீடு காணி உரிமையைப் பதியிற லாண்ட் ரெஜிஸ்ட்ரியில 'டபிள்யூ' எழுத்து, பிரீமியம் பொண்ட்ஸில (வட்டிக்குப் பதிலாப் பரிசுக் குலுக்கல் உள்ள அரசாங்கச் சேமிப்பு) தகப்பன்ர முதலெழுத்தோட. உயிலில பாஸ்போட் பேர் மட்டும்.

புரொபேட் பத்திரத்தில எந்தப் பேர் அச்சடிச்சு வருதோ அந்தப் பேரைத்தான் பேங்கும் லாண்ட் ரெஜிஸ்ட்ரியும் பாப்பினம். ஃபோமில, செத்தவருக்கு வேற பேரில சொத்து இருக்கோ எண்டு ஒரு கேள்வி வரும். கனபேர் செல்லப்பேர் ஏதும் கேக்கினமாக்கும் எண்டு நினைச்சு 'இல்லை' போட்டிட்டுப் போயிடுவினம். அதில எல்லாப் பேரையும் எழுத்துக்கு எழுத்துச் சேர்க்கவேணும், அப்பதான் பத்திரத்தில இன்ன பேராலும் அறியப்பட்டவர் எண்டு வரும். நான் செய்தது, ஃபோமைத் திறக்க முதல் ஒவ்வொரு பேங்க் ஸ்டேட்மெண்ட், லாண்ட் ரெஜிஸ்ட்ரிப் பதிவு, பொண்ட்ஸ் கடுதாசி எல்லாத்தையும் மேசையில பரப்பி, ஒரு தாளில பேர், எங்க இருக்கு, என்ன சொத்து எண்டு மூண்டு வரிசை எழுதினது. லாண்ட் ரெஜிஸ்ட்ரிப் பதிவை ஒன்லைனில சின்னக் காசுக்கு எடுக்கலாம், வீடு இன்னும் பெரியப்பாவின்ர பேரிலும் கிடக்கோ எண்டும் அதில தெரியும். எங்கட விஷயத்தில 2012இல அவரின்ர பேரை எடுக்கேல்ல, அவையள் கூட்டு உரிமையில இருந்தபடியால் அவரின்ர மரணச் சான்றிதழோட ஒரு ஃபோம் அனுப்பினால் பேர் எடுபடும், அதைத் தனியா முடிச்சம்.

எக்ஸிகியூட்டரின்ர பேருக்கும் இதே கதைதான். உயிலில என்ர பேரில ஒரு எழுத்து பாஸ்போட்டோட ஒத்துவரேல்ல, பேர் வித்தியாசத்துக்குக் காரணம் ஃபோமில கேக்கினம், எழுத்துக் கூட்டில வித்தியாசம் எண்டு குடுத்தால் போதும்.

பெறுமதி

பெறுமதி எண்டது மரணம் நடந்த நாளில திறந்த சந்தையில என்ன விலை போகும் எண்டது. பேங்குகளுக்கு எழுதி அந்த நாள் மிச்சத்தையும் வட்டியையும் கேட்டு எடுத்தம். வீட்டுக்கு ஏஜென்ட் ரெண்டு பேரின்ர கடுதாசியும் எடுத்தது, அதோட பட்டய மதிப்பீட்டாளர் ஒருத்தருக்குக் காசு குடுத்து அறிக்கையும் எடுத்தம். ஏன் இவ்வளவு கவனம் எண்டு அண்ணாவும் கேட்டவர். காரணத்தைக் கணக்கோட சொல்லுறன்.

வீடு 525,000. பேங்க் காசு 41,000. பிரீமியம் பொண்ட்ஸ் 15,000. நகையும் வீட்டுச் சாமானும் 7,500. கொக்குவில் காணி அங்கத்தைய மதிப்பீட்டாளரின்ர அறிக்கைப்படி, மரண நாளின்ர நாணய மாற்று வீதத்தில 30,000. அதோட 2021இல பேத்தியின்ர கலியாணத்துக்கு 10,000 குடுத்தவ. கடைசி 7 வருசத்தில குடுத்ததையும் கணக்கில எடுக்கவேணும், ஆனால் பேரப்பிள்ளையின்ர கலியாணத்துக்கு 2,500 விலக்கு, ஒவ்வொரு வருசத்துக்கும் 3,000 விலக்கு, முதல் வருசத்து 3,000 பாவிக்காமல் இருந்தால் அதையும் சேர்க்கலாம், எல்லாம் கழிச்சு 1,500 மிஞ்சினது. மொத்தம் 620,000. கழிக்கிறது செத்தவீட்டுச் செலவு 7,000, மிச்ச பில்லுகள் 1,000. ஆக நிகரம் 612,000.

இப்ப வரி, அதாவது செத்தவர் விட்டுப்போற சொத்துக்கான இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ். ஒராளுக்கு 325,000 வரை வரி இல்லை, இந்த எல்லை 2009இல இருந்து மாறேல்ல. பெரியப்பா போகேக்க எல்லாத்தையும் பெரியம்மாவுக்கே விட்டவர், புருசன் பெண்சாதிக்கு இடையில போறதுக்கு வரி இல்லை எண்டபடியால் அவரின்ர 325,000 பாவிக்காமலே கிடந்தது. அதைப் பெரியம்மாவின்ரயோட சேர்க்கலாம், 650,000. மொத்தம் 620,000 தானே, ஆனபடியால் வரியும் இல்லை, எச்.எம்.ஆர்.சி எண்ட வரித் திணைக்களத்துக்குப் பெரிய கணக்கு ஃபோமும் இல்லை. 2022 ஜனவரி 1க்குப் பிறகு நடந்த மரணங்களுக்கு இப்பிடியான விலக்குப் பெற்ற எஸ்டேட் (செத்தவர் விட்டுப்போன சொத்து முழுக்க) எண்டால் தனி வரி ஃபோம் ஒண்டும் அனுப்பத் தேவையில்லை, புரொபேட் ஃபோமிலயே தொகைகளைப் போட்டால் சரி.

ஆனால் மட்டுமட்டா நிக்கிறதைப் பாருங்கோ. வீடு 580,000 எண்டு வந்திருந்தால் மொத்தம் 675,000. அப்பவும் வரி ஒரு சதமும் இல்லை, ஏனெண்டால் வீட்டைப் பிள்ளையளுக்கு விட்டால் ஆளுக்கு 175,000 மேலதிகமா விலக்கு இருக்கு, ரெண்டு பேருக்கும் 350,000, முழுக்கச் சேர்த்தால் ஒரு மில்லியன் வரை போகும். ஆனால் அந்த மேலதிக விலக்கைக் கேக்கிறது எண்டால் ஐஎச்டி400 எண்ட பெரிய கணக்கும் அதோட இணைப்பு ஃபோம்களும் எச்.எம்.ஆர்.சிக்கு அனுப்பவேணும், அவை 2024 ஜனவரியில இருந்து ஒரு கோட் இலக்கத்தோட கடிதம் அனுப்பினம், அது இல்லாமல் புரொபேட்டுக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. வரி இல்லை, ஆனபடியால் ஃபோமும் இல்லை எண்டு நினைச்சு நேரா புரொபேட் போடுற குடும்பங்கள் இதிலதான் மாட்டுப்படுகினம். லண்டனில ஒரு சாதாரண மூண்டு அறை வீடு இந்த எல்லைக்குக் கிட்ட நிக்கிற காலம் இது, ஆனபடியால் இதை நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ.

அதுக்காக வீட்டைக் குறைச்சுப் போட்டால் என்ன எண்டு ஒரு உறவுக்காரர் கேட்டவர். போடக்கூடாது. எச்.எம்.ஆர்.சி விலையைச் சரிபாக்கலாம், தண்டமும் போடலாம், ஃபோமின்ர கடைசியில உண்மை எண்டு உறுதி சொல்லுறதும் நாங்கள்தான், தெரிஞ்சு பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. அதோட புரொபேட்டில போட்ட விலைதான் பிறகு விக்கேக்க லாபத்துக்கான அடிப்படை விலை, இங்க குறைச்சால் அங்க மூலதன லாப வரி கூடும்.

வெளிநாட்டுச் சொத்துக்கும் ஒரு எல்லை இருக்கு, 100,000க்கு மேல போனால் சின்ன வழி கிடையாது, ஐஎச்டி400தான். ஊரில நல்ல காணி வைச்சிருக்கிற குடும்பங்கள் இதைப் பாருங்கோ, இப்ப கொழும்பு, யாழ்ப்பாணக் காணி விலையில அந்த எல்லை தூரத்தில இல்லை. பெரியம்மா நாற்பது வருசமா இங்கயே வாழ்ந்து இதுதான் வீடு எண்டு இருந்தவ, ஆனபடியால் உலகம் முழுக்க உள்ள சொத்துக்கும் இங்கதான் கணக்கு. 2025 ஏப்ரல் 6க்குப் பிறகான மரணங்களுக்கு இந்த விதி மாறி, இங்க எத்தனை வருசம் வசிச்சவை எண்டதை வைச்சுப் பாக்கினம்.

ஃபோம்

கணக்குத் திறந்து இமெயில் குடுத்தால் இடையில விட்டிட்டுப் பிறகு வந்து தொடரலாம். தொடக்கத்தில தகுதிக் கேள்வியள்: மரணச் சான்றிதழ் இருக்கோ, ஒறிஜினல் உயில் இருக்கோ, இங்கிலாந்து வேல்ஸிலதான் நிரந்தரமா வாழ்ந்தவரோ. அதுக்குப் பிறகு செத்தவரைப் பற்றி, உயிலைப் பற்றி, எக்ஸிகியூட்டர்களைப் பற்றி.

தொகை கேக்கிற இடத்தில நிதானமா நில்லுங்கோ, ஏனெண்டால் ரெண்டு தரம் கேக்கினம், ரெண்டும் ஒரே தொகை இல்லை. முதல் தரம் வரிக்கான தொகையள்: மொத்தம் 620,000, நிகரம் 612,000, பிறகு 'நெட் குவாலிஃபையிங் வல்யூ' எண்டு ஒண்டு. அது நிகரத்தில இருந்து புருசன் பெண்சாதிக்கோ பதிவு செய்த தருமத்துக்கோ போறதைக் கழிக்கிறது, எங்களுக்குக் கோயிலுக்குப் போற 5,000 கழிச்சு 607,000. பாவிக்காத விலக்கைக் கேக்கிறீங்களோ எண்டும் அங்க வரும், ஓம் போடவேணும். அதுக்குப் பெரியப்பாவின்ர மரணச் சான்றிதழ், அவரின்ர உயில், அவையளின்ர கலியாணப் பதிவு எல்லாம் தேடி எடுத்து, ஆர் எப்ப கேட்டாலும் காட்டக்கூடியதா வைச்சிருந்தன். பெரியப்பா தன்ர பங்கில கொஞ்சத்தைப் பிள்ளையளுக்கு எழுதியிருந்தால் அவரின்ர விலக்கு முழுசா மிஞ்சியிராது, இந்தச் சின்ன வழியும் கிடைச்சிராது.

ரெண்டாந் தரம் கேக்கிறது புரொபேட்டுக்கான தொகையள். இதில இங்கிலாந்து வேல்ஸில அவவின்ர பேரில மட்டும் இருந்ததுதான். கொக்குவில் காணி வராது, பேத்திக்குக் குடுத்ததும் வராது. மொத்தம் 588,500, நிகரம் 580,500. இன்னொராளோட கூட்டா இருந்து தானாவே அவருக்குப் போற சொத்து இருந்தால் அதுவும் வரிக் கணக்கில வரும், இதில வராது. இந்த ரெண்டாந் தொகைதான் புரொபேட் பத்திரத்தில அச்சடிச்சு வாறது, அது பொதுப் பதிவு, 1858இல இருந்து வந்த உயில்களையும் பத்திரங்களையும் ஆர் வேணுமெண்டாலும் தேடிக் கொப்பி எடுக்கலாம். இதை அண்ணாவுக்கும் அக்காவுக்கும் முதலே சொல்லி வைச்சன், பிறகு வேற ஆக்கள் மூலம் தெரிஞ்சு துக்கப்படக்கூடாது.

முந்தி எண்டால் இந்த இடத்தில சொலிசிட்டரிட்டயோ ரெஜிஸ்ட்ரியிலயோ நேரில போய்ச் சத்தியம் பண்ணவேணும். 2018 நவம்பரில அது மாறி, ஒன்லைனில உண்மை அறிக்கைக்கு ஒத்துக்கொண்டால் போதும். கட்டணம் 2024 மேயில இருந்து 300 பவுண்ஸ், எஸ்டேட் 5,000 அல்லது அதுக்குக் கீழ எண்டால் கட்டணம் இல்லை. பத்திரத்தின்ர கூடுதல் கொப்பி அப்ப ஒண்டு 1.50 தான், நாங்கள் தாராளமா எடுத்தம். 2025 நவம்பரில அது 16 பவுண்ஸ் ஆகிட்டுது, ஆனபடியால் இப்ப செய்யிறவை எத்தனை வேணும் எண்டு எண்ணி எடுங்கோ, பேங்குகள் பாத்திட்டுத் திருப்பி அனுப்புவினம், ஒண்டுக்குப் பிறகு ஒண்டாப் பாவிக்கலாம். வெளிநாட்டுச் சொத்துக்குக் கொப்பி வேணுமோ எண்டும் கேப்பினம், காணி இருந்தால் அதில கட்டாயம் கேட்டு எடுங்கோ.

தபால்

காசு கட்டினதோட முடிஞ்சுது எண்டு நினைக்கக்கூடாது. அதுக்குப் பிறகு ஒரு கவர் ஷீட் வரும், விண்ணப்ப இலக்கத்தோட. அதைப் பிரிண்ட் எடுத்து ஒறிஜினல் உயிலோட ஹார்லோவில இருக்கிற புரொபேட் தபால் பெட்டி விலாசத்துக்கு அனுப்பவேணும். உயில் போய்ச் சேர்ந்து ஸ்கான் பண்ணின பிறகுதான் அவை விண்ணப்பத்தைக் கையில எடுப்பினம். கவர் ஷீட் இல்லாமல் உயில் மட்டும் போனால் எந்த விண்ணப்பத்தோட சேர்க்கிறது எண்டு தெரியாது. கையெழுத்து வாங்கிக் குடுக்கிற தபாலில அனுப்பினம், அனுப்ப முதல் ஒவ்வொரு பக்கமும், பின்பக்கமும், ஸ்டேப்பிள் இருக்கிற மூலையும் ஃபோட்டோ. அந்த உயில் திரும்பி வராது, ரெஜிஸ்ட்ரியே வைச்சுக்கொள்ளும்.

2023இல புரொபேட் சரியாத் தாமதமாகி, நாடாளுமன்ற நீதிக் குழு விசாரணை வைக்கிற அளவுக்குப் போனது. எங்கட விண்ணப்பம் 2024 ஓகஸ்டில போட்டு ஒக்டோபரில பத்திரம் வந்தது, ஒருக்காலும் நிப்பாட்டேல்ல. அவவின்ர எல்லாப் பேரும் பத்திரத்தில சரியா இருந்ததைப் பாத்த உடன அண்ணாவுக்குப் படம் அனுப்பினன். ஒருக்கா நிப்பாட்டினால் நாங்கள் பதில் அனுப்பி, அவை திரும்ப எடுத்துப் பாக்கிறதுக்குக் காத்திருக்கிற நேரம் நீண்டு போகும், வீடு வாங்க வந்த ஆள் அதுக்குள்ள போயிடுவார்.

பத்திரம் வந்த பிறகு

பத்திரம் கையில வந்த உடன பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது பிழை. எக்ஸிகியூட்டர் பிரிச்சுக் குடுத்த பிறகு கடன்காரன் ஒருத்தர் வந்தால் எங்கட சொந்தக் காசில கட்டவேண்டி வரலாம். 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டப்படி லண்டன் கசெட் எண்ட அரசாங்க அறிவித்தல் பேப்பரிலயும் உள்ளூர்ப் பேப்பரிலயும் அறிவித்தல் போட்டு ரெண்டு மாதத்துக்கு மேல விட்டால் அந்த ஆபத்தில இருந்து பாதுகாப்பு இருக்கு. அதோட தங்களுக்குப் போதுமான அளவு விடேல்ல எண்டு குடும்பத்தவரோ தங்கி வாழ்ந்தவரோ வழக்குப் போடுறதுக்குப் பத்திரம் வந்து 6 மாத அவகாசம் இருக்கு. எங்கட குடும்பத்தில ஒருத்தரும் போடமாட்டினம் எண்டு தெரிஞ்சும் நான் அந்த 6 மாதம் பொறுத்தன், அண்ணாவும் சரி எண்டவர். பிரீமியம் பொண்ட்ஸ் செத்து 12 மாதம் வரைக்கும் பரிசுக் குலுக்கலில இருக்கும், அதை அவசரப்பட்டு மூடத் தேவையில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லவேணும். அவ எக்ஸிகியூட்டர் இல்லை, இங்கிலீஷ் ஃபோம்கள் அவவுக்குப் பழக்கமில்லை, ஊரில இருந்துகொண்டு "ஏன் தம்பி இவ்வளவு காலம் எடுக்குது, வீடு வித்தாச்சோ, காசு ஆரிட்ட" எண்டு கேக்கத் தொடங்கினவ. அவ கேட்டதில ஒரு பிழையும் இல்லை. எங்கட குடும்பங்களில சகோதரங்கள் கதைக்காமல் போறது காசாலயில்ல, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறதால. எஸ்டேட்டுக்கு எண்டே ஒரு தனிக் கணக்குத் திறந்து, வந்த காசு போன காசு எல்லாத்தையும் ஒரு தாளில தமிழில எழுதி, மாதம் ஒருக்கா அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில அனுப்பினன். ஃபியூனரல் பில்லில இருந்து தோட்டம் வெட்டினவருக்குக் குடுத்தது வரைக்கும் ரசீதோட. ரெண்டாவது மாதத்துக்குப் பிறகு அக்கா கணக்குப் பற்றிக் கேக்கிறதை விட்டிட்டு என்ர சுகத்தை விசாரிக்கத் தொடங்கினவ.

வீடு 2025 தொடக்கத்தில வித்தது, மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கு மிகக் கிட்ட. கோயில் காசு முதல் போச்சு, ரசீது எடுத்து வைச்சன். ஏப்ரல் கடைசியில அந்த 6 மாதம் முடிஞ்ச பிறகு மிச்சத்தைச் சமமாப் பிரிச்சு, கடைசிக் கணக்கில ரெண்டு பேரின்ர கையெழுத்தும் வாங்கினம்.

கொக்குவில் காணி இன்னும் முடியேல்ல. இங்கத்தைய புரொபேட் பத்திரம் அங்க நேராச் செல்லாது, மாவட்ட நீதிமன்றத்தில தனியா நடவடிக்கை எடுக்கவேணும். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி கேட்டபடி முத்திரை போட்ட பத்திரக் கொப்பியையும் உயிலின்ர நீதிமன்றக் கொப்பியையும் இங்க வெளிநாட்டமைச்சில அத்தாட்சிப்படுத்தி, பிறகு இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலயும் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறன். காணி உறுதியில பெரியம்மாவின்ர பேர் கலியாணத்துக்கு முதல் இருந்த மாதிரி, தகப்பன்ர பேரோட இருக்கு, அந்தப் பேரும் பத்திரத்தில வந்தபடியால் சட்டத்தரணி பேருக்கு வேற சத்தியக் கடுதாசி ஒண்டும் கேக்கேல்ல.

வியாபாரம், டிரஸ்ட், சொத்தைவிடக் கூடின கடன், உயிலை ஆரும் எதிர்க்கிறது, இப்பிடி ஏதும் இருந்தால் தனியச் செய்யாமல் சொலிசிட்டரிட்டப் போங்கோ. ஒரு வீடு, கொஞ்சக் காசு, ஒத்துப்போற பிள்ளையள் எண்டால் பேர்த் தாளையும் பெறுமதித் தாளையும் முதல் எழுதுங்கோ, கட்டணங்களை விண்ணப்பிக்கிற அண்டைக்குச் சைட்டில பாருங்கோ, பிறகு ஒரு பின்னேரம் இருந்து ஃபோமை நிரப்பலாம்.